பயந்த பிள்ளைக்கு ஒரு வேலை

கொழும்பு பம்பலப்பிட்டியில் காலி வீதியோரம் ஒரு கம்பியூட்டர் நிறுவனம் இருந்தது. இந்தத் துறை உங்களுக்குப் பொருந்துமா என்று இலவசமாகச் சோதித்துச் சொல்வதாக வாசலில் பலகை வைத்திருந்தார்கள். நான் போய்ப் பரீட்சை எழுதினேன். முக்கோணத்துக்குப் பிறகு எந்த வடிவம் வரும், ஐந்து பேர் வட்டமாக இருந்தால் யாருக்குப் பக்கத்தில் யார் என்பது மாதிரியான கேள்விகள். பாதிக்கு மேல் குத்துமதிப்பாகத்தான் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு வந்து, நான் இந்தத் துறைக்கென்றே பிறந்தவள் என்ற கருத்துப்பட ஆங்கிலத்தில் சொன்னாள். துணைக்கு வந்த மாமியும் சும்மா இருக்க அலுப்பாயிருந்ததால் ஒரு தாளை வாங்கி எழுதியிருந்தார். அவரும் இந்தத் துறைக்கென்றே பிறந்தவராம்.

"எடியே, இனி நான் சமைக்கமாட்டன், எனக்கும் ஒரு கந்தோர் வேலை பார்" என்று மாமி பஸ்ஸில் வெள்ளவத்தை வரும்வரை சிரித்துக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொருந்தும் என்றோ பொருந்தாது என்றோ யாராவது ஒருவர் உண்மையைச் சொல்லமாட்டார்களா என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அப்போது இரண்டு மாதம்தான். மருத்துவம் படிக்கப் புள்ளிகள் போதவில்லை. புள்ளிகள் போதாத பிள்ளையைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கும். அப்பாவும் அம்மாவும் அதைக் கேட்டுக்கொண்டு ஊரிலேயே இருந்தார்கள். நான் மாமா வீட்டுக்கு, வெள்ளவத்தைத் தொடர்மாடியின் மூன்றாம் மாடிக்கு, அனுப்பப்பட்டேன். அண்ணன் கனடாவில் இருந்தார். ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்து என்னையும் எடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அந்தத் தொடர்மாடியில் பாதிப் பேர் அப்படி ஏஜென்சிக்காரனுக்காகக் காத்திருந்தவர்கள்தான். காத்திருக்கிற நேரத்தில் எல்லாரும் கம்பியூட்டர் படித்தார்கள். ஊரில் அம்மா என் சாதகத்தைக் காட்டியபோது இயந்திரத்தோடு சம்பந்தப்பட்ட தொழில் என்று வந்ததாம். தையல் மெஷினும் இயந்திரம்தானே என்றார் மாமா.

யுத்த காலம். கொழும்பில் நிற்கிற தமிழ்ப் பிள்ளைக்கு ஏன் நிற்கிறாள் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். கொழும்பில் தங்குவதைப் பொலிஸில் பதியப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். உத்தியோகம் என்று சொன்னால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். வெளிநாடு போக நிற்கிறேன் என்றால் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார்கள். மற்ற ஊர்களில் பிள்ளைகள் ஒரு வேலை தங்களுக்குப் பிடிக்குமா, ஒத்துவருமா என்று யோசித்துச் சேருவார்கள் என நினைக்கிறேன். எனக்கு வேலை கொழும்பில் நிற்பதற்கான அனுமதி. அதைப் பிடிக்குமா என்று கேட்பதே ஆடம்பரம். ஆனாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இரவும் பகலும் அதே கேள்வி.

படிப்பு முடிந்து கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். கீழே இரும்புக்கடை, மேலே நாங்கள். கடைகளுக்கும் கப்பல் சரக்கு ஆட்களுக்கும் வேண்டிய புரோகிராம்களை எழுதிக் கொடுப்பதுதான் தொழில். முதலாளி கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கத் தமிழர். எல்லாப் பெண்பிள்ளைகளையும் மகள் என்றுதான் கூப்பிடுவார். ஆறு மாதம் பார்ப்பேன், சரிவந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் கோபிக்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். புரோகிராம்களில் பெரும்பகுதியை எழுதியவர் என்னைவிட இரண்டு வயது மூத்த ஒரு சிங்களப் பையன். சிங்களத்தில் அண்ணன், தங்கை என்ற முறையில் அவரை நான் அய்யே என்றும் அவர் என்னை நங்கி என்றும் கூப்பிட்டுக்கொண்டோம். அவருக்குத் தமிழ் தெரியாது, என் சிங்களம் அரைகுறை. நடுவில் ஆங்கிலம் எங்களைக் காப்பாற்றியது.

ஊரில் பல வருடங்களாக மின்சாரமே இல்லை. கரண்ட் என்பது இப்போது வரும், உடனே போய்விடும் என்பதுதான் நான் அனுபவத்தில் கற்ற விஞ்ஞானம். அதனால் ஒவ்வொரு வரி எழுதியதும் சேமித்துவிடுவேன். வரி முடியாவிட்டாலும் சேமிப்பேன். நிமிடத்துக்கு ஒருமுறை இந்தப் பிள்ளை அந்தப் பொத்தானைத் தொட்டுக் கும்பிடுகிறாள் என்று அய்யே சொல்லிச் சிரிப்பார். அவருடைய வழி வேறு. மனதில் பட்டதை எழுதுவார், ஓடவிடுவார், திரை நின்றுபோனால் சிரிப்பார், இன்னொன்றை மாற்றித் திரும்பவும் ஓடவிடுவார். எனக்குத் திரை நின்றால் நெஞ்சும் கூடவே நிற்கும். ஒரு பொத்தானை அழுத்துவதற்கு முன் மூன்று தரம் பார்ப்பேன். அவர் ஒரு நாளில் முடிக்கிற வேலை எனக்கு ஒரு வாரம்.

இந்தத் துறைக்குத் துணிச்சல்காரர்தான் வேண்டும் என்று எனக்கு விளங்கத் தொடங்கியது. மாதங்கள் போகப் போகக் காலையில் பஸ் ஏறவே மனமில்லை. கோட்டையில் இறங்கி அடுத்த பஸ் எடுக்கும்போது இப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றும். போய் எங்கே நிற்பது? மாமி நாளுக்கு ஒரு தடவை, "என்ன பிள்ளை, உனக்கு உது சரிவருமே?" என்று கேட்பார். பார்ப்பம் மாமி என்பேன். அண்ணனும் அவசரப்படுத்தத் தொடங்கியிருந்தார். ஏஜென்சிக்காரன் அந்த மாத முடிவுக்குள் ஓமா இல்லையா என்று கேட்கிறானாம். முதலாளியின் ஆறு மாதமும் அந்த மாதத்தோடுதான் முடிந்தது.

அந்த நேரத்தில்தான் ஒருகொடவத்தையில் உள்ள ஒரு கொள்கலன் முற்றத்தின், அதாவது கப்பல் பெட்டிகளை அடுக்கிவைக்கிற இடத்தின், வேலை எங்களுக்குக் கிடைத்தது. அங்கே போய்வருகிற லொறிச் சாரதிகள், உதவியாட்கள் எல்லாருக்கும் கம்பியூட்டரில் பாஸ் அடித்துக் கொடுக்கவேண்டும். சாரதி அந்தப் பாஸையும் அடையாள அட்டையையும் வழியிலுள்ள சோதனைச் சாவடிகளிலும் காட்டித்தான் போவான். புரோகிராமை அய்யே எழுதினார். பெயர்களை ஏற்றுவதும் பாஸ்களை அச்சடித்துப் பார்ப்பதும் என் பங்கு.

ஒப்படைப்பதற்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகலில், முதல் கட்டுப் பாஸ்களை அச்சடித்தேன். அடுத்தடுத்து வந்த மூன்று பாஸ்களில் ஒரே பெயர். நான்தான் மூன்று தரம் ஏற்றிவிட்டேன் என்று உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பிறகு அடையாள அட்டை இலக்கங்களைப் பார்த்தேன். மூன்றும் வேறு. அவர்கள் அண்ணன் தம்பிமார் மூன்று பேர். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயர் முன்னால், எங்கள் பெயர் பின்னால். புரோகிராமில் பெயருக்கு விட்ட இடம் இருபது எழுத்து. அப்பாவின் பெயரே அந்த இடத்தை நிரப்பிவிட, பிள்ளைகளின் பெயர்கள் வெட்டுப்பட்டுப் போயிருந்தன. மூன்று சகோதரர்கள் தங்கள் தகப்பனின் பெயரைக் கொண்டு மூன்று லொறிகளில் போகப்போகிறார்கள்.

அய்யேயிடம் காட்டினேன். அவர் தன் பெயரில் அடித்து வைத்திருந்த மாதிரிப் பாஸை எடுத்துக் காட்டிச் சிரித்தார். அவருடைய பெயர் என்னுடையதைவிட நீளம். அதுவும் நடுவில் வெட்டுப்பட்டு அரைகுறையாக நின்றது. "என்ர பேரும்தான் வெட்டுப்பட்டிருக்கு நங்கி, இலக்கம் சரிதானே" என்று சிங்களத்தில் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எந்தச் சாவடியிலும் அவரைப் பேருக்காக யாரும் இறக்கியதில்லை, அவ்வளவுதான்.

முதலாளியிடம் போனேன். பேர் ஏற்றுகிற இடத்தைப் பெருப்பித்தால் ஏற்றிய எல்லாவற்றையும் திரும்ப ஏற்றவேண்டும், ஒரு வாரமாவது பிந்தும். அவர் முற்றத்துக்காரருக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்.

"இனிஷல் போடுங்க மகள்."

"அடையாள அட்டையில முழுப்பேர் இருக்கு சேர். ரெண்டும் ஒத்துவராட்டி மறிப்பாங்கள்."

"மறிச்சா விளக்கம் சொல்லுவாங்கதானே. நானும் இந்த ஊர்லதான் இருக்கேன்." கொஞ்சம் நிறுத்திப் பிறகு சொன்னார்: "நீங்க எல்லாத்துக்கும் பயப்படுறீங்க மகள். கெட்டிக்காரிதான். ஆனா இந்த வேலைக்குத் துணிஞ்ச மனசு வேணும். இது உங்களுக்குச் சரிவருமான்னு எனக்கே இப்ப சந்தேகம்."

ஆறு மாதமாக நான் தேடிய பதில். யாராவது உண்மையைச் சொல்லமாட்டார்களா என்று தவித்தேனே, இதோ சொல்லிவிட்டார். அழுகை வந்தது. கோபமும் வந்தது. பயம் என்பது ஏதோ நான் கடையில் வாங்கி வந்த பொருள் மாதிரி எல்லாரும் பேசுகிறார்களே என்ற கோபம். வந்து என் கதிரையில் இருந்தேன்.

மறுநாள் முற்றத்தில் இயந்திரத்தைப் பூட்டிவைத்து ஓடவிட்டுப் பார்ப்பதற்கு அய்யேயையும் என்னையும் அனுப்பினார்கள். உள்ளே போவதற்கு நாங்களும் எங்கள் புரோகிராமில் முன்பே அடித்திருந்த, இனிஷல் போட்டு மாற்றாத பாஸ்களையே கொண்டுபோகவேண்டும், பரீட்சித்துப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்றார் முதலாளி. திரீவீலரில் போனோம். வழியில் சாவடி. இறங்கச் சொன்னார்கள். அய்யேயின் பாஸைப் பார்த்த சிப்பாய் வெட்டுப்பட்ட பெயரைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தான். இவ்வளவு நீளப் பெயரை வைத்தால் கம்பியூட்டர் என்ன செய்யும் என்றான். இருவரும் சிரித்தார்கள்.

என் பாஸைப் பார்த்தான். அடையாள அட்டையைப் பார்த்தான். பாஸில் ஓர் ஆணின் பெயர். எதிரே நிற்பது பெண்.

"இது யார்?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"அப்பா."

"அப்பாவின் பாஸை ஏன் நீ கொண்டு திரிகிறாய்?"

இது என்னுடைய பாஸ்தான், என் பெயர் பின்னால் வரும், இடம் போதாமல் வெட்டுப்பட்டுவிட்டது என்று சொல்ல வேண்டும். சிங்களத்தில் ஒரு சொல்லும் வாய்க்கு வரவில்லை. அப்பா எங்கே என்று கேட்டான். யாழ்ப்பாணம் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது.

என்னை மட்டும் மணல்மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டிலுக்குக் கூட்டிப் போனார்கள். பெண் பொலிஸ் ஒருத்தி பையைக் கொட்டிப் பார்த்தாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து இடியப்பத்தைக் கிளறினாள். அய்யே வெளியே நின்று, இது நான் எழுதிய புரோகிராமின் பிழை, என்னுடையதையும் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டது. உங்களுக்குப் பிரச்சினை இல்லை, நீங்கள் போகலாம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன். அந்தப் பயத்தில் என்னால் செய்யக்கூடியது எதுவுமே இருக்கவில்லை. நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பது ஒன்றுதான்.

அய்யே எங்கோ கடையிலிருந்து போன் எடுத்திருக்கவேண்டும். முதலாளி மோட்டார் சைக்கிளில் வந்து, சாவடியின் பெரியவனோடு சிங்களத்தில் பகிடி விட்டுச் சிரித்துப் பேசி, என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். வீதியோரத்தில் வந்து நின்றதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நீங்க பயந்த முகத்தோட நின்னதாலதான் அவன் சந்தேகப்பட்டான்" என்பது. அவருக்கும் நெற்றியெல்லாம் வேர்த்திருந்ததைப் பார்த்தேன். இத்தனை வருடம் இந்த நகரத்தில் பயத்தை முகத்தில் காட்டாமல் இருக்கப் பழகிக்கொண்ட மனிதர். அவரோடு கோபிக்க அந்த நேரத்தில் எனக்குத் தெம்பில்லை.

அன்று நாங்கள் முற்றத்துக்குப் போகவில்லை. கந்தோருக்குத் திரும்பியதும் அய்யே கீழே போய் எனக்கு ஒரு பிளேன் டீ வாங்கிவந்து வைத்தார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். சொல்லவில்லை. திரையைத் திறந்து வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்கட ஆக்களில ஆகக் கூடிய நீளமான பேர் எவ்வளவு வரும்?"

அந்தக் கந்தோரில் ஒருவர் என்னிடம் உண்மையாகவே கேட்ட முதல் கேள்வி அது. வேலை முடிந்ததா என்று கேட்பார்கள், ஏன் பிந்துகிறது என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்ததைக் கேட்டதில்லை. நான் சொன்னேன். அப்பாவின் பெயரையும் சொந்தப் பெயரையும் வேறு வேறு இடத்தில் வைக்கவேண்டும் என்றேன். கத்தோலிக்க ஆட்களுக்கு ஞானஸ்நானப் பெயரும் சேரும். மலையகத்து ஆட்களில் சிலருக்கு அடையாள அட்டையிலேயே ஒற்றைப் பெயர்தான் இருக்கும், அந்த இடத்தை வெறுமையாக விடவும் வழி வேண்டும். பாஸில் இருப்பது அட்டையில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துவரவேண்டும், ஒத்துவராவிட்டால் அச்சடிக்கவே கூடாது. பேசப் பேச என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. அவர் எழுதிக்கொண்டே போனார். இடையில் ஒரு தடவை அவர் அவசரத்தில் ஓடவிடப் போனபோது, "பொறுங்கோ அய்யே, முதல்ல சேமியுங்கோ" என்று அதட்டினேன். சேமித்தார்.

முதலாளி கதவடியில் நின்று பார்த்துவிட்டுப் போய், ஒரு வாரம் பிந்தும் என்று சொல்ல முற்றத்துக்காரருக்குப் போன் எடுத்தார். மறுமுனையில் ஏசுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. அந்த வாரம் முழுவதும் பெயர்களைத் திரும்ப ஏற்றினேன். ஒவ்வொன்றையும் மூன்று தரம் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சகோதரர்கள் மூவரின் பாஸ்களும் இயந்திரத்திலிருந்து மெல்ல மெல்ல வெளியே வந்தன. தகப்பன் பெயருக்குப் பின்னால் மூவருக்கும் மூன்று பெயர். அவர்களை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ஆனால் அப்போது எனக்கு வந்த சந்தோஷம் பரீட்சை முடிவுகள் வந்த எந்த நாளிலும் வந்ததில்லை.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது யோசித்துப் பார்த்தேன். அந்தப் பாஸ்களைக் கையில் எடுத்தபோதும் பயந்துதான் இருந்தேன். சாவடியில் பயந்ததுபோலவேதான். ஆனால் இந்த முறை செய்வதற்கு என் கையில் ஏதோ இருந்தது. எங்கே பிழை வரும், யாருக்குப் பிழை வரும் என்று என் பயம் எனக்கு முன்னாலேயே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது. அதைக் கேட்டு நான் ஒன்றைத் திருத்தினேன்.

மாத முடிவில் முதலாளி கூப்பிட்டார். நிரந்தரம் தரவில்லை. "இன்னும் மூணு மாசம் பார்ப்போம் மகள்" என்றார். கொடுக்கும் முன் எல்லாப் புரோகிராமையும் நீங்களும் ஒருக்காப் பாருங்கள் என்று, வேறெங்கோ பார்த்தபடி, கூடவே சொன்னார். மூன்று மாதத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் எடுத்தார். ஏஜென்சிக்காரனுக்கு அன்று பதில் சொல்லியாகவேண்டும். மாமியும் மாமாவும் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள்.

"நான் வரேல்ல அண்ணை" என்றேன்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? வேலையை நிரந்தரமாக்கிப் போட்டாங்களே?"

"இல்லை. இன்னும் பாக்கினமாம்."

"அங்க ஆமிக்காரன் பிடிச்சு வச்சிருந்தவனாம் எண்டு மாமா சொன்னவர். உனக்குப் பயமில்லையே?"

"பயம்தான் அண்ணை. ஒவ்வொரு நாளும் பயம்தான்."

"பிறகென்னத்துக்கு அங்க நிக்கிறாய்?"

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆறு மாதமாக மற்றவர்களிடம் கேட்டுத் திரிந்த கேள்விக்கு நானே பதில் சொல்லவேண்டியிருந்தது. குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"எனக்கு இந்த வேலை சரிவரும் அண்ணை. பயப்பிடத் தெரிஞ்ச ஆள் ஒண்டு அங்க வேணும்."

அண்ணன், "மாமியிட்டக் குடு" என்றார். மாமி ரிசீவரை வாங்கி, அண்ணன் சொன்னதையெல்லாம் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவள் கேக்கமாட்டாள் தம்பி, நீ ஏஜென்சிக்காரனுக்கு இல்லையெண்டு சொல்லு" என்றார்.